காளையார்கோவில் காடும் கும்பினிக் கோடரியும்

காடு ஒன்று, அதைப் பார்த்த கண்கள் இரண்டு!

ஒரு கண்ணுக்கு அது வீடு. மற்றொரு கண்ணுக்கு அது வழிமறிக்கும் பகை. முதலாவது, சிறுவயல் சின்ன மருதுவின் கண். இரண்டாவது, கிழக்கிந்தியக் கும்பினியின் கண். 1801-ஆம் ஆண்டு சிவகங்கைச் சீமையிலே இந்த இரு கண்களும் ஒன்றையொன்று உறுத்துப் பார்த்தன. கும்பினி வென்றது, மருது தூக்கில் தொங்கினார். அது வரலாறு. மருதுவைப் போற்றும் நம்முடைய முகத்தில் இன்று இருப்பது அந்த இரண்டில் எந்தக் கண்? இதைக் கேட்பதற்காகவே அந்த வீரரின் வாழ்க்கையை இன்று சொல்கிறோம்.

நரிக்குடிக்குப் பக்கத்திலே முக்குளம் என்றோர் ஊர். அங்கே பிறந்த அண்ணன் தம்பி இருவர். மூத்தவர் பெரிய மருது, இளையவர் சின்ன மருது. அரண்மனைத் தொட்டிலிலே ஆடிய பிள்ளைகள் அல்லர். அரண்மனை வாசலிலே சேவகம் செய்து, ஆற்றலால் உயர்ந்த பிள்ளைகள். சிவகங்கையை ஆண்ட முத்துவடுகநாதரிடம் வந்து சேர்ந்தார்கள். வாளெடுத்தார்கள், வளரி எறிந்தார்கள், மன்னரின் நம்பிக்கையைப் பெற்றார்கள்.

1772 ஜூன் 25. கும்பினியின் படையும் ஆற்காட்டு நவாபின் படையும் சேர்ந்து காளையார்கோவிலைத் தாக்கின. முத்துவடுகநாதர் களத்திலே வீழ்ந்தார். அவருடைய துணைவி வேலுநாச்சியாரும், மகளும், அமைச்சர் தாண்டவராயரும், மருது சகோதரர்களும் சீமையை விட்டு வெளியேறினார்கள். பழனி மலைத்தொடரின் அடிவாரத்திலே இருக்கும் விருப்பாட்சிப் பாளையம் அவர்களுக்கு அடைக்கலம் தந்தது.

எட்டு ஆண்டுகள்! நாடு இழந்தவர்களுக்கு நாட்கள் நகருமா? நகர்த்தினார்கள். மலையடிவாரம் அவர்களுக்கு ஒளிந்துகொள்ளும் இடமாக மட்டும் இருக்கவில்லை. பாடம் படிக்கும் பள்ளியாகவும் இருந்தது. சிதறிக் கிடந்த ஆட்களைச் சேர்த்தார்கள். திண்டுக்கல் பக்கத்திலே அன்று ஆதிக்கம் செலுத்திய ஹைதர் அலியின் ஆதரவைப் பெற்றார்கள். 1780-இல் திரும்பி வந்து சிவகங்கையை மீட்டார்கள். நாச்சியார் அரசியானார், மருதிருவர் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்கள். மூத்தவருக்குப் படையும் வேட்டையும், இளையவருக்கு நிர்வாகம். அந்த இளையவர் தமக்கென்று தேர்ந்துகொண்ட இருப்பிடந்தான் சிறுவயல்.

காரைக்குடிக்கும் காளையார்கோவிலுக்கும் இடையிலே, கல்லல் பக்கத்திலே இருக்கிறது அந்தச் சிற்றூர். அரண்மனை சிறுவயல் என்று இன்றும் அழைக்கிறார்கள். மஞ்சுவிரட்டுக்குப் பேர்போன சிராவயல் வேறு. இந்தச் சிறுவயல் வேறு.

சிறுவயல் அரண்மனை எப்படி இருந்தது? அதைச் சொல்ல நம் புலவர் எவரையும் கூப்பிட வேண்டியதில்லை. எதிரியே சாட்சி சொல்லியிருக்கிறான். வெல்ஷ் என்ற கும்பினி இராணுவ அதிகாரி, போர் மூளுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே மருதிருவரோடு பழகியவன். 1830-இல் அவன் வெளியிட்ட நினைவு நூலிலே இந்தச் செய்திகள் கிடக்கின்றன. சின்ன மருதுவின் வாசலிலே காவலாளி இல்லையாம். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வரலாம். கறுத்த மேனி, கம்பீரத் தோற்றம், கனிந்த பேச்சு. தலையசைத்தால் நடத்தி முடிக்க ஆயிரம் பேர் இருந்தும் ஆரவாரம் இல்லாத மனிதர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அந்த வெள்ளையனுக்குக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான். வளரி என்பது வளைந்த எறிபடை. கைதேர்ந்தவன் வீசினால் நூறு கெஜத்துக்குள் குறி தப்பாது என்று வியந்து எழுதுகிறான் வெல்ஷ். பிற்பாடு இதே வெல்ஷ்தான் இதே மருதுவை வேட்டையாட வந்த படையிலே ஓர் அதிகாரி! விருந்து உண்ட கையாலே விலங்கு பூட்ட வருவதுதான் ஆதிக்கத்தின் நாகரிகம்.

பெரிய மருது வேட்டைப் பிரியர். வெள்ளி ரூபாயை விரலாலே வளைக்கும் வலிமை உடையவர் என்று பேர் பெற்றவர். ஆம், தோழர்களே, மருதிருவர் வேட்டையாடினார்கள். மரம் வெட்டினார்கள், வீடு கட்டினார்கள், கோபுரம் எழுப்பினார்கள். புழு பூச்சிக்கும் இரங்கி மயிற்பீலியால் தரை கூட்டிய துறவிகள் அல்லர் அவர்கள். இல்லாத மேன்மையை ஏற்றிச் சொல்லி அவர்களைச் சிறுமைப்படுத்த நாம் விரும்பவில்லை. ஆனால் எடுத்தவர்கள் கொடுக்கவும் செய்தார்கள். குன்றக்குடியிலே மருதாபுரி என்ற குளம் இன்றும் மருதுவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பெயர் நிலைக்கக் கல்வெட்டுப் போதாது, தண்ணீர் வேண்டும் என்று அந்த நாளிலே தெரிந்திருந்தது!

இனி, காட்டுக்கு வருவோம்.

காளையார்கோவிலைச் சுற்றி மைல் கணக்கிலே விரிந்து கிடந்தது காடு. குற்றாலத்துச் சோலை போலவோ குடகு மலைக்காடு போலவோ வானளாவிய மரங்கள் நிறைந்த காடு அல்ல. வறண்ட சீமையின் முட்காடு. வேலும் உடையும் விடத்தலையும், காரையும் சூரையும் கள்ளியும் பின்னிப் பிணைந்த பெரும்புதர்க்காடு. காரைக்குடி என்ற பெயரே காரைச் செடியால் வந்தது என்று சொல்வார்கள். ஊருக்கே முள்ளின் பெயர்! அந்த முள்ளை அந்த மக்கள் வெறுக்கவில்லை. ஆட்டுக்குத் தழை அதிலே. அடுப்புக்குச் சுள்ளி அதிலே. பசித்த பிள்ளைக்குப் பழம் அதிலே. காயம் பட்டவனுக்கு மூலிகை அதிலே. ஒற்றையடிப் பாதைகள் ஆயிரம் உண்டு. எந்தப் பாதை எங்கே போகும் என்பது ஆடு மேய்க்கும் சிறுவனுக்குத் தெரியும். கும்பினியின் அளவைக்காரனுக்குத் தெரியாது.

வள்ளுவர் அரண் என்றோர் அதிகாரம் பாடினார். எதை அரண் என்றார்? கல் மதிலை மட்டுமா? தெளிந்த நீரும், வெட்ட வெளியும், மலையும், நிழல் தரும் காடும் சேர்ந்ததே அரண் என்று இலக்கணம் வகுத்தார். கோட்டையைச் சுற்றிக் காவற்காடு வளர்ப்பது பழந்தமிழ் வழக்கம். சிவகங்கைச் சீமைக்குக் காவற்காடு காளையார்கோவில் காடு.

1801 வந்தது. பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறை வீழ்ந்தது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பி வந்தார். அடைக்கலம் கொடுத்தால் கும்பினி சீறும் என்பது சின்ன மருதுவுக்குத் தெரியாதா? தெரியும். எட்டாண்டு அடைக்கலம் வாங்கிய கை, அடைக்கலம் தர மறுக்குமா? கதவு திறந்தது.

1801 ஜூன் 16. திருச்சிக் கோட்டைச் சுவரிலும் திருவரங்கத்திலும் சின்ன மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. சாதி சமய வேறுபாடு பாராமல் எல்லா மக்களும் வெள்ளையனுக்கு எதிராக எழவேண்டும் என்ற அறைகூவல் அது. ஜம்புத் தீவின் மக்களை நோக்கி எழுதப்பட்டது. ஜம்பு என்றால் நாவல் மரம். நாவலந்தீவு என்று தமிழிலே சொல்வோம். எண்ணிப் பாருங்கள்! ஒரு நாட்டையே மரத்தின் பெயரால் அழைத்த மக்கள் நாம். அந்தப் பெயரைச் சொல்லித்தான் விடுதலைப் போருக்கே ஆள் கூப்பிட்டார் மருது.

கர்னல் அக்னியூ தலைமையிலே கும்பினிப் படை புறப்பட்டது. புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரத்தாரும் கும்பினிக்குத் துணை. ஒக்கூரைக் கடந்து சிறுவயலை நோக்கி வந்தது படை. ஜூலை மாதக் கடைசி. பகைவன் வந்து தங்குவதற்கு நம் வீடு பயன்படக்கூடாது என்று, சிறுவயலை அந்த மக்களே கொளுத்தினார்கள். கட்டிய வீட்டைத் தன் கையாலே கொளுத்துவது எளிதா? கூரை எரிந்தது, கொள்கை எரியவில்லை. மக்கள் காட்டுக்குள்ளே போனார்கள்.

இங்கேதான் கும்பினியின் கண் எப்படிப்பட்டது என்பது தெரிகிறது. சாம்பலான சிறுவயலிலே கூடாரம் அடித்தது படை. காளையார்கோவில் சில மைல் தூரந்தான். நடுவிலே நிற்பது காடு. என்ன செய்வது? வெட்டு! ஜூலை 31-இல் கோடரி விழத் தொடங்கியது. ஒரு மாதத்துக்கு மேலாக, நாள்தோறும், காட்டைப் பிளந்து பாதை போடும் வேலை நடந்தது. வெட்டுகிறவனுக்குக் காவலாகத் துப்பாக்கி; துப்பாக்கிக்குக் காவலாகப் பீரங்கி. பகலில் வெட்டிய பாதையின் குறுக்கே மருதுவின் ஆட்கள் மண்ணும் மரமும் போட்டுத் தடுப்புக் கட்டினார்கள். புதருக்குள்ளிருந்து குண்டு வந்தது, ஈட்டி வந்தது, வளரி வந்தது. நோய் வேறு வந்தது. செப்டம்பர் தொடக்கத்திலே கும்பினி கோடரியைக் கீழே போட்டது. வந்த வழியே ஒக்கூருக்குத் திரும்பியது.

கண்டங்கள் தாண்டி வந்த பீரங்கிப் படையைக் காரைச் செடியும் சூரை முள்ளும் ஒரு மாதம் நிறுத்தி வைத்தன! வெறும் முள்ளா நிறுத்தியது? முள்ளை அறிந்த மக்கள் நிறுத்தினார்கள். காடு தானாகப் போர் செய்யாது. காட்டைத் தன்னுடையது என்று எண்ணும் மக்கள் உள்ளே இருந்தால் செய்யும்.

இதிலே நெஞ்சு சுடும் செய்தி ஒன்றும் உண்டு. அந்தப் படையின் சிப்பாய்களும் கூலிகளும் பெரும்பாலும் இந்த மண்ணின் மக்களே. நம்மவன் கையாலே நம் காட்டை வெட்ட வைத்தது கும்பினி. கட்டளை அவனுடையது, கோடரி அவனுடையது, கொப்புளம் மட்டும் நம்முடையது.

மரத்தை வெட்டி முடிக்க முடியாத காரியத்தை மனத்தை வெட்டி முடித்தார்கள். படமாத்தூர் கௌரிவல்லபரைச் சோழபுரத்திலே சிவகங்கையின் ஜமீன்தாராக முடிசூட்டினார்கள். பட்டத்துக்கு உரியவர் இவரே என்று பறையறைந்தார்கள். மருதுவோடு நின்றவர்களிலே பலர் விலகினார்கள். அக்டோபர் முதல் நாள், படை பல பிரிவாகப் புகுந்து காளையார்கோவிலைப் பிடித்தது. மருதிருவர் காட்டுக்குள்ளே மறைந்தார்கள். கோபுரத்தை இடிப்போம் என்று வெள்ளையன் மிரட்டியதால் தாமாகவே வந்து சரணடைந்தார்கள் என்று சீமையிலே கதை சொல்வார்கள். தேடுதல் வேட்டையிலே பிடிபட்டார்கள் என்று ஏடுகள் சொல்லும். எப்படியாயினும் முடிவு ஒன்று. 1801 அக்டோபர் 24, திருப்பத்தூர்க் கோட்டையிலே அண்ணனும் தம்பியும் தூக்கிலிடப்பட்டார்கள்.

சின்ன மருதுவின் மகன் துரைசாமி. பதினைந்து வயது சிறுவன். அவனையும் மற்றும் பலரையும் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலே கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். பல ஆண்டு கழித்து 1818-இல் வெல்ஷ் பினாங்குக்குப் போனபோது, தளர்ந்து தேய்ந்த ஒருவன் எதிரே வந்து தான் இன்னாரென்று சொன்னான். துரைசாமி! வெல்ஷுக்கு அடையாளமே தெரியவில்லை. வயது முப்பத்திரண்டு போலத்தான் இருக்கும், தோற்றமோ முதுமை. வேரோடு பிடுங்கி வேறு மண்ணிலே எறிந்தால் செடி மட்டுமா வாடும்?

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்து உழுது ஆமணக்கு விதைத்தான் கும்பினிக்காரன். 1801 டிசம்பர் முதல் நாள், ஆயுதம் வைத்திருப்பது குற்றம் என்று கவர்னர் எட்வர்டு கிளைவ் அறிவித்தான். கோட்டை போயிற்று, கருவி போயிற்று. அடுத்து? 1882-இல் சென்னை மாகாணக் காட்டுச் சட்டம் வந்தது. அரசு குறித்த காடெல்லாம் அரசின் சொத்து. நேற்று வரை சுள்ளி பொறுக்கிய கிழவி இன்று சட்டத்தின் முன் திருடி! நேற்று வரை ஆடு மேய்த்த சிறுவன் இன்று அபராதம் கட்டவேண்டிய குற்றவாளி! அதே காட்டிலே ரயில் பாதைக்கும் கப்பலுக்கும் மரம் வெட்டினால் அதற்குப் பெயர் நிர்வாகம்.

நம் மன்னர்கள் மட்டும் மரத்தை வெட்டவில்லையா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வெட்டினார்கள். பகை மன்னனின் காவல்மரத்தை வெட்டி வெற்றி முரசு செய்தார்கள். அதைப் புகழ்ந்து புலவர்கள் பாடவும் செய்தார்கள். அதை நாம் மறைக்கவில்லை, மெச்சவும் இல்லை. ஆனால் அவன் வெட்டியது ஒரு மரத்தை, எதிரியின் மானத்தைக் குலைக்க. கும்பினி கொண்டுவந்தது வேறு. காடு முழுவதுமே ஒன்று தடை, இல்லாவிட்டால் சரக்கு. மூன்றாவதாக எதுவும் இல்லை. அந்தப் பார்வைதான் இந்த மண்ணுக்குப் புதிது. தூக்குக்கயிறு இருவரைக் கொன்றது. அந்தப் பார்வையோ கோடிப் பேருக்குள்ளே குடிபுகுந்தது.

செட்டிநாட்டையே பாருங்கள். கடல் கடந்து வாணிகம் செய்து பொருள் சேர்த்த வணிகர்கள் ஊர்தோறும் மாளிகை எழுப்பினார்கள். பர்மாவின் தேக்கங்காடு இங்கே தூணாக வந்து நின்றது. இன்று அந்தத் தூண்களிலே பல, பிடுங்கப்பட்டுக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளிலே விலைச்சீட்டோடு சாய்ந்து நிற்கின்றன. காடு தூணாயிற்று, தூண் சரக்காயிற்று! ஆனால் அதே மாளிகை கட்டியவர்கள் கூரையிலே விழுந்த மழையை முற்றத்திலே இறக்கிச் சேமித்தார்கள். ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினார்கள். செருப்புக் காலோடு இறங்கக்கூடாது என்று ஊருணிக்குக் கட்டுப்பாடு வைத்த ஊர்கள் உண்டு. மானத்தை மாளிகையிலே மட்டுமல்ல, மழைநீரிலும் வைத்திருந்தார்கள்.

இன்று? கண்மாய்க்கு வரும் வரத்துக்கால் அடைந்து கிடக்கிறது. மடையும் கலுங்கும் யார் பொறுப்பு என்று கேட்டால் ஊர் அலுவலகத்தைக் கை காட்டுகிறது. அலுவலகம் ஊரைக் கை காட்டுகிறது. கண்மாய்க்குள்ளே சீமைக் கருவேலம். விறகுக்கும் வேலிக்கும் கொண்டுவந்து பரப்பப்பட்ட அயல்நாட்டு மரம். 2017-இல் அதை வெட்டுவதா வேண்டாமா என்று உயர்நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. ஏழைக்கு அது அடுப்பெரிக்கிறது; மூட்டம் போட்டுக் கரி விற்றுக் கஞ்சி குடிக்க உதவுகிறது. அதையும் மறுக்கவில்லை. ஆனால் விடத்தலையும் காரையும் நின்ற இடத்திலே அது நிற்கிறது. காட்டை அழித்துவிட்டுத் தைல மரத்தை வரிசையாக நட்டு அதையும் காடு என்று கணக்கு எழுதுகிறோம். காகித ஆலைக்குப் போகும் மரத்தோப்பு காடாகுமா? சிப்பாய்கள் வரிசையாய் நின்றால் அது ஊராகுமா?

ஊருணியைக் குப்பைமேடாக்கிவிட்டு, கேன் தண்ணீரை விலைக்கு வாங்குகிறோம். மரத்தை வெட்டி மனை போட்டுவிட்டு, அந்த மனைப்பிரிவுக்குச் சோலை என்றும் வனம் என்றும் பெயர் சூட்டுகிறோம். இதற்கு நாகரிகம் என்று பெயர்!

நாம் அறிவியலுக்குப் பகைவர்கள் அல்லர். மாட்டு வண்டிக் காலத்துக்குத் திரும்புவோம் என்று பேசும் பழமைவாதிகளும் அல்லர். தொழிலாளியின் வீட்டுக்கு மின்விளக்கு வேண்டும், சாலை வேண்டும், ஆலை வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும். இயந்திரத்தின் மேல் நமக்குக் கோபமில்லை. இயந்திரத்தை ஓட்டும் இலாப வெறியின் மேல்தான் கோபம். கண்மாய் வற்றினால் பணக்காரன் ஆழ்குழாய்க் கிணறு போடுவான். காடு அழிந்தால் குளிர்பதன அறைக்குள்ளே போவான். வெயிலிலே வேலை செய்பவன் எங்கே போவான்? மரநிழல் என்பது உழைப்பவனின் உடைமை. அதைப் பறித்தவன் கூலியைப் பறித்தவனுக்கு ஒப்பானவன்.

வேறுவிதமாக வாழ முடியுமா? முடியும். வெகுதூரம் போக வேண்டாம். மருதிருவர் தூக்கில் தொங்கிய அதே திருப்பத்தூருக்குப் பக்கத்திலே கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்ற ஊர்கள் இருக்கின்றன. அந்தக் கண்மாய்களுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிலே பறவைகள் வருகின்றன. நாரையும் கொக்கும் அரிவாள் மூக்கனும் வந்து கூடு கட்டுகின்றன. பறவைகள் மிரண்டுவிடக்கூடாது என்பதற்காக அந்த மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1977-இல் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பலகை வந்தது பிறகு. பண்பு இருந்தது அதற்கு முன்பே. பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர், உழுது பிழைப்பவர்கள். ஊமைத்துரைக்குக் கதவு திறந்த சிறுவயலின் குணம், நாரைக்குக் கிளை கொடுக்கும் கொள்ளுகுடிப்பட்டியிலே இன்றும் வாழ்கிறது. அடைக்கலம் என்ற சொல்லுக்கு மனிதன் என்றும் பறவை என்றும் பேதமில்லை.

ஆண்டுதோறும் அக்டோபர் 24 வருகிறது. திருப்பத்தூரிலே மாலைகள் குவிகின்றன. அடுத்த மூன்றாம் நாள் காளையார்கோவிலிலே கூட்டம் திரள்கிறது. முழக்கம் விண்ணைப் பிளக்கிறது. வேண்டியதுதான், வீரனை மறந்த நாடு விளங்காது. ஆனால் மாலை மருதுவுக்கு, பார்வை கும்பினிக்கு என்றால் அந்த மாலைக்கு என்ன பொருள்?

தோழர்களே! மருதுவுக்குச் சிலை இருக்கிறது, காடு இல்லை. அடுத்த அக்டோபருக்குள் உங்கள் ஊர்க் கண்மாயின் வரத்துக்காலைப் பத்துப் பேர் சேர்ந்து தூர் எடுங்கள். கரையிலே ஒரு நாவல் கன்று நடுங்கள். ஊருணியிலே குப்பை கொட்டுகிறவன் எவ்வளவு பெரிய மனிதனானாலும் தட்டிக் கேளுங்கள். சிறுவயல் சின்ன மருதுவுக்கு அதைவிடச் சிறந்த மாலை எந்தக் கடையிலும் கிடைக்காது!